இரண்டு மௌனம்

ஒரு சின்னப் பரீட்சை வைத்து ஆரம்பிக்கிறேன். கீழே உள்ள இரண்டு சொற்களையும் நன்றாகப் பாருங்கள்.

மௌனம்
மெளனம்

ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. முதல் சொல்லில் இருப்பது 'மௌ' என்கிற ஒரே எழுத்து. இரண்டாவதில் 'மெ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டியிருக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படித்தால் மெ-ள-னம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு வேறு. நம்மில் பலர் இத்தனை வருஷமாக இரண்டாவதைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது தனிக் கதை :-)

பயப்படாதீர்கள், இலக்கணப் பாடம் நடத்தப் போவதில்லை. நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். இந்தச் சமாசாரம் என் மேஜைக்கு வந்தது பணம் வழியாகத்தான்.

2019 மழைக்காலம். அப்போது மட்டாஞ்சேரியில் ஒரு கிளையில் இருந்தேன். வீடு திருப்பூணித்துறையில். தினமும் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் வர வேண்டும். ஃபோர்ட் கொச்சி வெளிப் பக்கம் தோபிகானா என்று ஓர் இடம் உண்டு. சலவைத் தொழிலுக்காகத் தலைமுறைகளுக்கு முன்னால் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அந்தப் பக்கத்திலிருந்து வரும் வயதான அம்மா ஒருவர், கவுண்டரில் மலையாளம் பேசுபவர்களைத் தாண்டி வந்து என்னிடம்தான் பாஸ்புக்கை நீட்டுவார். ஊர் பாஷை கேட்கிற சந்தோஷம், அவருக்கும் சரி, எனக்கும் சரி.

அன்றைக்குப் பாஸ்புக்கை நீட்டவில்லை, செல்போனை நீட்டினார். கணக்கிலிருந்து 38,000 ரூபாய் போயிருந்தது. குறுஞ்செய்தியில் வந்த முகவரியை அமுக்கியிருக்கிறார்.

"தம்பி, பேங்க் பேருதான போட்டிருந்துச்சு? பேரன் படிச்சுப் பாத்துச் சொன்னப்பறந்தான அமுக்குனேன்?"

வாங்கிப் பார்த்தேன். பேரன் மேல் தப்பில்லை. ஆங்கில 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் எண் 1 இருந்தது. அவ்வளவுதான். புகார் எழுதிக் கொடுத்தோம், கணக்கை முடக்கினோம், போலீஸுக்கு அனுப்பினோம். பணம் திரும்பி வரவில்லை.

அன்று ராத்திரி மகள் மலையாள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். "அப்பா, ரெண்டு உ-வும் ஒரே மாதிரிதானே இருக்கு, அப்ப எதுக்கு ரெண்டு நோட்டு?" என்றாள். உண்மைதான். தமிழ் உ-வும் மலையாள உ-வும் பார்வைக்கு ஒன்றே. ஜ-வும் அப்படியே. எகர, ஏகாரக் கொம்புகளும் அப்படியே. கேரளத்தில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கு இது புதுசில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி 38,000 போயிற்று. நாளைக்கு இணைய முகவரிகள் தமிழிலும் மலையாளத்திலும் பரவினால்? ஒரு மௌனத்துக்கு ஒருத்தரும் இன்னொரு மௌனத்துக்கு வேறொருத்தரும் சொந்தக்காரர் ஆனால்?

இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள்? தேடிப் பார்த்தேன். பதில் கிடைத்தது. கூடவே ஒரு குட்டும் கிடைத்தது. தமிழ், மலையாள எழுத்துகளுக்கான விதிகளின் வரைவு 2018-லேயே பொதுமக்கள் கருத்துக்காக வைக்கப்பட்டிருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அது பற்றிய அறிவிப்பு என் மின்னஞ்சலுக்கே வந்திருந்தது. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தக் குட்டுக்குப் பிறகு தேடித் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

கதவைத் திறந்து வைத்தவர்கள்

இணையத்தில் தீர்ந்து போகக்கூடிய, பங்கு போட வேண்டிய சரக்கு இரண்டு: எண்கள், பெயர்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஐபி எண் வேண்டும். மனிதர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளப் பெயர் வேண்டும். ஒரே எண் இரண்டு பேருக்குப் போகக் கூடாது, ஒரே பெயரும் போகக் கூடாது. ஆக, யாராவது ஒருவர் பேரேடு எழுத வேண்டும்.

ஆரம்பத்தில் அந்தப் பேரேட்டை எழுதியவர் ஜான் போஸ்டல் என்கிற கலிஃபோர்னியாக்காரர். இணையம் வளர வளர ஒருவர் கையில் வைத்திருப்பது கட்டுப்படியாகவில்லை. எண்களைக் கண்டவாரியாகப் பிரித்துக் கொடுக்க மண்டலப் பதிவகங்கள் வந்தன. ஐரோப்பாவுக்கு 1992-ல் ரைப். ஆசியா பசிபிக் பகுதிக்கு 1993-ல் ஏப்னிக். ஏப்னிக் டோக்கியோவில் பிறந்து 1998-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குக் குடிபோனது. (நம்மைப் போலவே புலம்பெயர்ந்த கேஸ்.) பெயர்களைக் கவனிக்க 1998 செப்டம்பரில் ஐகான் என்கிற லாப நோக்கமில்லாத நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த மாதமே, அக்டோபர் 16-ம் தேதி, போஸ்டல் இறந்து போனார்.

ஐகானின் முதல் பொதுக்கூட்டம் 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்தது. அமெரிக்காவில் பதிவான நிறுவனம் உலகத்துக்கே விதி எழுதப் போகிறது என்றால் உலகம் சும்மா இருக்குமா? அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு விஷயங்களுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒன்று, கூட்டம் கண்டம் விட்டுக் கண்டம் மாறி மாறி நடக்கும். இரண்டு, வர முடியாதவர்களும் கலந்துகொள்ள வழி இருக்கும். அந்த முதல் வருஷங்களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்துக்காரர்கள்தான் கூட்டத்தை இணையத்தில் ஒளிபரப்பி, தூரத்திலிருந்து வரும் கேள்விகளைக் கூடத்துக்குள் கொண்டு சேர்த்தார்கள். டயல்-அப் மோடம் கிர்ர் என்று கத்திய காலத்தில்!

வேலை நடக்கும் முறை இன்றும் கிட்டத்தட்ட அதேதான். கூட்டம் நேரலையில் வரும். பேசப் பேச எழுத்தும் திரையில் ஓடும். ஆங்கிலம் காதில் தப்பினாலும் கண்ணில் பிடித்துவிடலாம். கேள்வி இருந்தால், 'கேள்வி' என்று முன்னும் பின்னும் அடையாளம் போட்டுத் தட்டெழுத வேண்டும். கூடத்தில் அதற்கென்றே இருக்கும் ஒருவர் அதை வாசித்துக் காட்டுவார். ஐகானின் பொது மன்றத்தில் ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான். அமைச்சருக்கும் அதே இரண்டு, திருப்பூணித்துறைக்காரனுக்கும் அதே இரண்டு.

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புரியாமல் இருக்காது. யூதத் தெருவில் 1957-ல் தொடங்கிய மிளகு முன்பேரச் சந்தை இருந்ததே, அங்கே பழைய வியாபாரிகள் சொல்வார்கள்: நடுவில் கூடம், சுற்றிலும் டெலிபோன். ஒரு காது வெளியூர்க்காரரிடம், வாய் கூடத்தில். விலை கத்திக் கத்தித்தான் முடிவாகும். வெளியூரில் இருப்பவருக்கு அந்த டெலிபோன்தான் நாற்காலி. அவர் சொல்வதைக் கூடத்தில் கத்த ஆள் இல்லையென்றால் அவர் விலை விலையே இல்லை. பிறகு 2000-களில் மிளகு கணினித் திரைக்குப் போய்விட்டது.

அந்தத் திரைக்குள் உலகம் வந்து சேர்ந்த வழியிலும் கொச்சிக்குப் பங்கு உண்டு. 2002-ல் இயங்கத் தொடங்கிய சேஃப் என்கிற கடலடிக் கேபிள் தென்னாப்பிரிக்காவில் கிளம்பி, ரீயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சியில் கரையேறி, மறுபடி கடலில் இறங்கிப் பினாங்கு போகிறது. இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். நேட்டால், ரீயூனியன், மொரீஷியஸ், பினாங்கு. எங்கெல்லாம் நம் கொள்ளுத் தாத்தாக்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்களோ அங்கெல்லாம் கேபிள் கரையேறுகிறது. போனவர்களுக்குத் திரும்பிப் பேச வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

விதி பணமாகும் கதை

"அதெல்லாம் இன்ஜினியர்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று நானும் நினைத்தவன்தான். என்னை மாற்றியது எண்களின் கணக்கு.

பழைய முறையில், அதாவது ஐபி நான்காம் பதிப்பில், மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். முதலில் வந்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள். அமெரிக்காவிடம் மட்டும் 150 கோடிக்கு மேல். 140 கோடி பேர் இருக்கும் இந்தியாவிடம் ஏறக்குறைய 4 கோடி. மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ம் தேதி தீர்ந்தது. அதே வருஷம் ஏப்ரல் 15-ம் தேதி ஏப்னிக் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. மற்ற மண்டலங்களுக்கெல்லாம் முன்னால் ஆசியாவுக்குத்தான் தட்டுப்பாடு.

அன்றைக்கு ஒரு விதி அமலுக்கு வந்தது. இனிமேல் ஆளுக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள்தான். எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் அவ்வளவுதான். சுத்தமான ரேஷன். இதைத் தீர்மானித்தது 2011-ல் அல்ல. மூன்று வருஷம் முன்னால், 2008-ல், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்த ஏப்னிக் கூட்டத்தில் பேசி ஒப்புக்கொண்டது. பானை காலியாவதற்கு முன்பே, கடைசி அரிசியை யாருக்கு எப்படி அளப்பது என்று பேசி வைத்தார்கள். பெரிய பசிக்காரர் ஒருவரே மிச்சத்தையும் வாரிக்கொண்டு போயிருந்தால், பிற்பாடு தொழில் தொடங்கிய சின்ன சேவை நிறுவனங்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. 2019-ல் தென்கொரியாவின் டேஜனில் கூடியபோது அந்த அளவை 512 ஆகக் குறைத்தார்கள்.

ரேஷனுக்கு வெளியே என்ன நடந்தது? நான் வங்கிக்காரன், இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2011-ல் திவாலான நார்டெல் கம்பெனியிடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்றுக்கு 11 டாலர் 25 சென்ட். இலவசமாகக் கிடைத்த எண் சொத்தாகிவிட்டது. கூட்டத்தில் எழுதிய விதி இப்படித்தான் ஒரு நாள் பணமாக மாறும். அன்றைக்குக் கூடத்தில் இல்லாதவர்கள் பிறகு ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டும்.

இதில் முக்கியமான சங்கதி, அந்த விதிகள் ஓட்டுப் போட்டு வருவதில்லை. ஏப்னிக்கில் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர் ஓட்டு உண்டு. அது கம்பெனிப் பங்குதாரர் கூட்டம் மாதிரி, உறுப்பினரின் அளவைப் பொறுத்து கூடும், குறையும். மிகப் பெரிய உறுப்பினருக்கு 64 ஓட்டு. ஆனால் கொள்கை விஷயத்தில் ஓட்டே கிடையாது. உறுப்பினராக இல்லாதவரும் முன்மொழிவு எழுதலாம், ஆட்சேபம் சொல்லலாம். தீவிரமான ஆட்சேபம் ஏதும் பதில் சொல்லப்படாமல் நிற்கவில்லை என்றால், ஒருமித்த கருத்து உண்டாகிவிட்டது என்று தலைவர் அறிவிப்பார். அதன் பிறகும் கடைசியாக ஒரு முறை கருத்துச் சொல்லச் சில வாரம் அவகாசம் தருவார்கள்.

புரிகிறதா? 64 ஓட்டு வைத்திருப்பவரை ஓட்டே இல்லாதவர் நியாயமான ஓர் ஆட்சேபத்தால் நிறுத்தி யோசிக்க வைக்கலாம். ஆனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் எல்லோரும் ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. நம் ஊரில் பெண் பார்க்கும் படலத்தில் சொல்வோமே, மௌனம் சம்மதம் என்று. இங்கே அதுதான் நடைமுறை விதி.

நம் எழுத்தின் முறை

பெயர்கள் பக்கம் வருவோம். இதில் தமிழுக்குப் பெருமையான ஒரு தொடக்கம் உண்டு. 1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் நான்கு மொழிக் கவிதைகள் கொண்ட ஓர் இணையத் தளத்தைத் தொடங்கி வைத்தார். தமிழ் இணையத்தில் ஏறிய முதல் தளங்களில் அது ஒன்று. பின்னால் உழைத்தவர்கள் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும். ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் முகவரி அமைக்க முடியும் என்று 1998-ல் செய்து காட்டியதும் அதே பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுதான். அதை முகவரியின் கடைசித் துண்டிலும் பயன்படுத்த ஐகான் அனுமதி கொடுக்க 2009 ஆயிற்று. அந்த வருஷம் அக்டோபரில் சியோல் கூட்டத்தில்தான் நாட்டுப் பெயர்களைச் சொந்த எழுத்தில் வைத்துக்கொள்ள ஒப்புதல் கிடைத்தது. 2010-ல் 'இலங்கை' வந்தது, 2011-ல் 'சிங்கப்பூர்', 'இந்தியா' மூன்றும் தமிழ் எழுத்திலேயே முகவரியின் கடைசித் துண்டாக நிற்கின்றன. மூன்று நாடுகளின் பெயரில் உலக இணையத்தின் வேர்ப் பட்டியலில் தமிழ் இருக்கிறது.

நாட்டுப் பெயர் போக, இனி மற்றப் பெயர்களும் வரலாம் அல்லவா? அதற்கு எந்த எழுத்தை அனுமதிப்பது, எதை எதோடு ஒன்றாகக் கருதுவது என்று விதி வேண்டும். பிராமியிலிருந்து பிறந்த ஒன்பது எழுத்து முறைகளுக்கும் சேர்த்து ஒரு குழு உட்கார்ந்தது. தேவநாகரி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், தமிழ் எல்லாம் ஒரே மேஜையில். எங்கள் வீட்டுப் பாடம் மேஜை மாதிரியே :-) கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் தமிழ், மலையாள எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தமிழுக்குள்ளேயே ஔ-காரச் சிக்கல், இரண்டு விதமாக எழுதப்படும் ஸ்ரீ என்று தலைவலிகள். அடிப்படைத் தத்துவம் எளிது: கண்ணுக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பெயர்கள் இரண்டு வேறு ஆட்களிடம் போகக் கூடாது.

2018-ல் வரைவைப் பொதுவில் வைத்தார்கள். 2019 ஜூலையில் தமிழ், மலையாளம் உள்பட 16 எழுத்து முறைகளுக்கான விதிகள் ஒரே தொகுப்பாக வெளியாயின. ஆக, அந்த அம்மா செல்போனை நீட்டிய அதே மழைக்காலத்தில் எல்லாம் எழுதி முடிந்திருந்தது.

என் இரண்டு மௌனம்

என் கதைக்கு வருகிறேன். 2016 நவம்பர் 3 முதல் 9 வரை ஹைதராபாத்தில் ஐகானின் 57-வது கூட்டம் நடந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், அக்டோபர் 1-ம் தேதி, பெயர்-எண் பேரேட்டின் மேல் அமெரிக்க அரசுக்கு இருந்த மேற்பார்வை முடிவுக்கு வந்திருந்தது. அந்த மாற்றத்துக்கான திட்டத்தை எழுதிய குழுக்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் தொலைபேசியிலும் திரையிலும்தான் கூடின. செய்தித்தாளில் படித்துவிட்டு ஆர்வத்தில் தொலைவிலிருந்து கலந்துகொள்ளப் பெயர் கொடுத்தேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பதிவுகளைக் கேட்பேன். பாதி புரியும், மீதி புரியாது. ஒரு கேள்விகூட எழுதி வைத்திருந்தேன்: வங்கிகள் பெயரைப் போல ஏமாற்றுப் பெயர் வாங்குகிறவனை விற்பவர் ஏன் தடுக்கக் கூடாது?

நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். 500, 1000 நோட்டு செல்லாது. மறுநாள் ஹைதராபாத்தில் கூட்டத்தின் கடைசி நாள், எங்களுக்கோ வங்கிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த நாள் வரிசைக்குத் தயாராகும் நாள். கேள்வி எழுதிய தாளின் பின்பக்கத்தில் நோட்டு எண்ணிய கணக்கு எழுதினேன். அது முதல் மௌனம்.

இரண்டாவது 2018. ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளமே மூழ்கி எழுந்திருந்தது. நனைந்த பாஸ்புக், காணாமல் போன ஆதார், நிவாரணக் கணக்கு என்று வேலை. அந்தச் சமயத்தில் வந்த அறிவிப்பைத் திறக்காமல் விட்டேன்.

இரண்டு தடவையும் என்னிடம் நியாயமான காரணம் இருந்தது. ஆனால் பதிவேட்டில் காரணம் எழுத இடம் கிடையாது. தமிழ் வரைவு பற்றி ஒரு தமிழ் வங்கிக்காரன், அதுவும் மலையாள எழுத்துக்கு நடுவில் வாழ்கிறவன், ஒன்றும் சொல்லவில்லை என்றால் அவனுக்கு ஆட்சேபம் இல்லை என்றுதான் அர்த்தம். குழுவில் இருந்தவர்கள் பொறுப்பாகத்தான் உழைத்தார்கள். அது நம் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை ஜாமீனாக வைத்துக் கடன் கொடுக்க மாட்டோம்!

தூரத்தில் உள்ள ஆபத்து

தொலைவிலிருந்து கலந்துகொள்வது எல்லாம் நல்லதற்கே என்று நான் சொல்ல மாட்டேன். ஆப்பிரிக்காவுக்கான பதிவகம் ஆஃப்ரினிக் மொரீஷியஸில் இருக்கிறது, நம் கேபிள் கரையேறும் அதே தீவு. 2021-ல் பெருமளவு முகவரிகள் பெற்றிருந்த ஒரு நிறுவனத்தோடு தகராறு முற்றி நீதிமன்றம் போனது. ஜூலையில் பதிவகத்தின் வங்கிக் கணக்குகளே முடக்கப்பட்டன. 2022-ல் இயக்குநர் குழுவுக்குக் கோரம் இல்லாமல் போயிற்று. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் நிர்வாகப் பொறுப்பாளரை நியமித்தது. 2025 ஜூனில் தேர்தல் வைத்தார்கள். உறுப்பினருக்குப் பதிலாக ஓட்டுப் போடக் கொண்டுவந்த அதிகாரப் பத்திரம் ஒன்றின் மேல் சர்ச்சை வந்து அந்தத் தேர்தல் ரத்தானது. செப்டம்பரில் மறுபடி நடத்தித்தான் புதுக் குழு வந்தது. ஒரு கண்டத்தின் இணைய எண்களுக்குப் பொறுப்பான நிறுவனம் மூன்று வருஷத்துக்கு மேல் முறையான குழு இல்லாமல் கிடந்தது.

பதிலாள் பத்திரம் எப்படியெல்லாம் விளையாடும் என்று வங்கியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். நீங்கள் பேசாமல் இருந்தால் உங்கள் பெயரில் இன்னொருத்தர் பேசுவார். தூரம் அதற்கு வசதி.

அதே மொரீஷியஸில் எதிர்மாறான கதையும் உண்டு. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருப்பது பலருக்குத் தெரியும். 1998-ல் புது நோட்டு அச்சடித்தபோது வழக்கத்தை மாற்றி இந்திக்குப் பின்னால் தமிழைப் போட்டார்கள். அங்கிருந்த தமிழர்கள் மௌனமாக இருக்கவில்லை. அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. சிறுபான்மையினர்தான், நோட்டு அடிப்பது மத்திய வங்கிதான். இருந்தும் கேட்டார்கள், கிடைத்தது.

கடைசியில் ஒரு கை

2020-ல் கொரோனா வந்தது. மார்ச்சில் மெக்சிகோவின் கன்கூனில் நடக்க வேண்டிய ஐகான் கூட்டம் முழுக்கத் திரைக்கு மாறியது. செப்டம்பரில் ஏப்னிக் கூட்டமும் அப்படியே. அதுவரை கூடத்தில் இருந்தவர்களும் நம்மைப் போலவே சின்னக் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் தூரத்தில் இருந்தால் யாரும் தூரத்தில் இல்லை.

அந்தச் சமயத்தில் பன்மொழி முகவரிகள் பற்றிய ஓர் அமர்வில் கேள்வியைத் தட்டினேன். கை நடுங்கியது உண்மை. இருபது வருஷ சர்வீஸில் ஆடிட்டர் முன்னால்கூட அப்படி நடுங்கியதில்லை. கேள்வி இதுதான்: "தமிழில் மௌனம் என்று இரண்டு விதமாகத் தட்டலாம், பார்வைக்கு ஒன்று. கடைசித் துண்டுக்கு விதி இருக்கிறது. அதற்கு முந்தைய துண்டில், அதாவது பொதுமக்கள் வாங்கும் பெயரில், இதை யார் தடுப்பார்கள்?"

வாசித்தவர் என் பெயரை மூன்று துண்டாக உடைத்தார், பரவாயில்லை. பதில் வந்தது. கடைசித் துண்டுக்கு உலகப் பொது விதி. முந்தைய துண்டுகளுக்கு அந்தந்தப் பதிவகம் தன் கொள்கையை வைத்துக்கொள்ளும். மாதிரி விதிகள் உண்டு, கட்டாயம் இல்லை. உங்கள் அக்கறையை அந்தப் பதிவகங்களிடமும் எழுதுங்கள் என்றார்கள்.

அவ்வளவுதான். வெற்றி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் எழுத்துப் பதிவில் இரண்டு வரி எனக்கு உண்டு. எழுதவும் செய்தேன், கிளையில் பார்த்ததை ஒரு பக்கத்தில், பெயர் எதுவும் போடாமல். எங்கள் மகள் நோட்டிலிருந்து இரண்டு உ-வையும் படம் எடுத்து இணைத்தேன். (அப்பா வேலைக்கு என் நோட்டா என்று கோபம்!)

துபாயில், சிங்கப்பூரில், டொரன்டோவில், லண்டனில் இருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்ஜினியர் ஆக வேண்டாம். வருஷத்துக்கு ஒரே ஒரு கூட்டம். பெயர் கொடுக்கக் கட்டணம் இல்லாதவை நிறைய உண்டு. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நடந்த மறு வாரம், ஹைதராபாத்தில் ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றம் கூடியது. பயத்தில் பலர் வரவில்லை. ஆனால் பியூனஸ் அயர்ஸ், பெல்கிரேடு, நம் புனே போன்ற ஊர்களில் ஆட்கள் ஓரிடத்தில் கூடித் திரை வழியாகக் கலந்துகொண்டார்கள். தமிழ்ச் சங்கத்தில் பொங்கலுக்குக் கூடுகிறோமே, அதே ஹாலில் அதே நாற்காலியில் இதையும் செய்யலாம்.

அந்த அம்மா இப்போதும் அந்தக் கிளைக்கு வருகிறார். நான் மாற்றலாகிப் போனாலும் போனில் கூப்பிடுவார். செய்தியில் எது வந்தாலும் அமுக்காமல், "தம்பி, இது நம்ம பேங்குதானா, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்கிறார். சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்பதை அவர் 38,000 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டார். நமக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது.

அன்புடன்,
திருப்பூணித்துறையிலிருந்து